முதல் ஆளுக்குக் குறைந்த அளவு

என் மச்சானுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. இதைச் சொன்னதும், "அப்போ படி ஏறுற கஷ்டமே இல்லன்னு சொல்லுங்க" என்று எவராவது ஒருவர் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நன்றாக ஓடுகிற லிஃப்டைப் பார்க்க மெக்கானிக்கை யாராவது கூப்பிடுவார்களா? நின்றுபோன பிறகுதான் கூப்பிடுவார்கள். அதன் மோட்டார் இருப்பதோ கட்டடத்தின் உச்சியில். ஊரில் யாரையும்விட அதிகமாகப் படி ஏறுகிறவன் லிஃப்ட் மெக்கானிக்தான். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறுவான் அவன். சின்ன வயதில் எந்த லிஃப்டில் ஏறினாலும் எல்லாப் பட்டன்களையும் அமுக்கிவிட்டு முதுகில் வாங்குவானாம். அதில் வந்த பட்டப்பெயர்தான் 'பட்டன்'. வேலைக்குப் போன இடத்திலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

அவன் என் மனைவியின் தம்பி. மாமனார், மாமியார் போனபிறகு எங்களோடுதான் இருக்கிறான். எங்கள் வீடு மூன்றாவது மாடி. கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன், எனக்குச் சொந்தமாகக் கார் கிடையாது. "லிஃப்ட்காரன் வீட்ல லிஃப்ட் இல்ல, டிரைவிங் ஸ்கூல்காரர் வீட்ல கார் இல்ல. சூப்பர் குடும்பம் மச்சான்" என்பான்.

அப்படித் தாவி ஏறினவன் முதலில் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்து ஏற ஆரம்பித்தான். "தொப்பை போட்டுடுச்சுடா உனக்கு" என்று கிண்டல் செய்தேன். பிறகு தலைக்கு மேல் கையைத் தூக்கித் திருகாணி கழற்ற முடியவில்லை என்றான். தரையில் உட்கார்ந்தால் தொடையில் கையை ஊன்றி ஊன்றித்தான் எழுந்தான். பரிசோதனைகள் எல்லாம் முடிந்து டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். பிறவியிலேயே இருந்த குறை. தசையைக் கட்டிக் காக்கிற ஒரு புரதத்தை உண்டாக்கும் மரபணு அவனிடம் பழுது. இடுப்பிலும் தோளிலும் சதை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே போகும். என் மனைவியையும் சோதித்தார்கள். அவளுக்கு ஒன்றும் இல்லை. ஒரு மனுஷி தனக்கு நோய் இல்லை என்று தெரிந்து அப்படி அழுததை நான் அன்றுதான் பார்த்தேன்.

என் மனைவி மருந்து செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறாள். மாத்திரை, டானிக் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வைரஸை எடுத்து, அதன் விஷத்தையெல்லாம் காலி செய்துவிட்டு, உள்ளே நல்ல மரபணுவை வைத்து அனுப்புகிற வேலை. அது உடம்புக்குள் போய்ச் சதையில் சரக்கை இறக்கிவிடும். தம்பிக்கு வந்திருப்பது என்ன என்று தெரிந்ததும், அதே நோய்க்கு மருந்து தேடிக்கொண்டிருந்த பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கினாள். பெரிய எஃகுத் தொட்டிகளில் செல்களை வளர்த்து, அவற்றிலிருந்து வைரஸை வடித்தெடுத்துச் சுத்தம் செய்யும் குழுவில் அவள் முக்கியமான ஆள். தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு உள்ளே போவாள். வெளியே வரும்போது கண்ணைச் சுற்றிக் கண்ணாடி அழுந்திய தடம் இருக்கும். தாய் பிள்ளையைப் பார்ப்பதுபோல அந்தத் தொட்டிகளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்தாள்.

இந்த மருந்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். புதிதாக வருகிற கூரியர்காரரை வாட்ச்மேன் அசந்து உள்ளே விட்டுவிடுகிறான் என்று வையுங்கள். போனபிறகு முகத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள்கிறான். அடுத்த முறை அதே ஆள் வந்தால் கேட்டிலேயே மடக்கிவிடுவான். நம் உடம்பும் அப்படித்தான். அந்த வைரஸ் ஒருமுறைதான் உள்ளே போகலாம். மறுமுறை போனால் உடம்பு அதை அடித்து நொறுக்கிவிடும். அந்தச் சண்டையில் ஆளுக்கே ஆபத்து வரலாம். ஆக, வாழ்நாளில் ஒரே ஒரு தடவை.

மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கிடைத்தபோது டாக்டர் எங்கள் மூவரையும் உட்கார வைத்துப் பேசினார். நல்ல மனிதர், எதையும் மறைக்கவில்லை.

"முதல் குழுவுக்கு ரொம்பக் குறைஞ்ச அளவுதான் கொடுப்போம். அதோட நோக்கம் குணப்படுத்துறது இல்ல, ஆபத்து இருக்கான்னு பார்க்கிறது. அது நல்லபடியா முடிஞ்சா அடுத்த குழுவுக்கு அளவைக் கூட்டுவோம். இவர் இன்னும் நடக்குறார். அவசரம் ஒண்ணும் இல்ல. வீட்ல பேசிட்டுச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து பேசினோம். பேசினோம் என்ன பேசினோம், அவள் பேசினாள். முதல் குழுவிலேயே சேர்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"கொஞ்சம் பொறுத்தா என்ன? அடுத்த குழுவுல போகட்டுமே" என்றேன்.

"அடுத்த குழு வரும்னு உங்களுக்கு யார் சொன்னா? உள்ளே இருக்கிறவ நான். இதுக்கு முன்னாடி எத்தனை மருந்தைப் பாதியிலேயே இழுத்து மூடினாங்கன்னு எனக்குத் தெரியும். காசு தீர்ந்துச்சுன்னா தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துட்டுப் போயிடுவாங்க. முதல் குழுதான் நிச்சயம்."

"ஆனா அளவு குறைச்சல்ங்கிறாரே."

"அந்த அளவுல எலிக்குக் கொடுத்தோம்ல, சதை அப்படியே திரும்பி வந்துச்சு. எழுந்திருக்க முடியாம கிடந்தது சக்கரத்துல ஓடுச்சுங்க. நானே கண்ணால பார்த்தேன்."

பட்டன் குறுக்கே புகுந்தான். "அக்கா, எலி ஓடுச்சு சரி. அதுக்கப்புறம் நிறுத்தச் சொன்னா நிக்குமா? மச்சான்கிட்ட அனுப்பி பிரேக் போடக் கத்துக் கொடுக்கச் சொல்லு."

மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவன், "அக்கா சொன்னா சரி. எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்று எழுந்து போய்விட்டான். அத்தோடு முடிந்தது.

இதைத்தான் நான் இப்போது நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். வெளியாள் எவனும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டான். டாக்டர் சொன்னதைக் கேட்டுப் பயந்துபோய், முதலில் வேறு எவனாவது போகட்டும் என்று பின்னால் நின்றிருப்பான். அவளுக்குத்தான் பயமே இல்லை. தன் கையால் செய்த மருந்து, தன் கண்ணால் பார்த்த எலி. தெரிந்தவர்கள் மூலமாகத் தம்பியை வரிசையில் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டோம் என்ற பெருமைகூட அவளுக்கு இருந்தது. பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கிக் கொடுத்த மாதிரி.

முதல் ஆளாக அவனுக்குத்தான் ஏற்றினார்கள். பையிலிருந்து குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியது. காய்ச்சல்கூட வரவில்லை. டாக்டர்கள் எல்லாம் கை குலுக்கினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் நாற்காலியிலிருந்து எழுந்தாலே, "பார்த்தீங்களா, கை ஊனாம எழுந்தான்" என்பாள். நானும் ஆமாம் என்பேன். ஒருநாள் வேலையிடத்தில் மொட்டைமாடி ஏணியில் ஏறிவிட்டதாகப் போனில் கூவினான். மாலையில் மூவரும் ஹோட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டோம்.

பிறகு தொடையிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். இல்லாத புரதம் வந்திருந்தது. ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக. மருந்து வேலை செய்கிறது, போதவில்லை. எலி எலிதான், மனிதன் மனிதன்தான். அடுத்த வருடத்துக்குள் அவன் பழையபடி கைப்பிடியைப் பிடித்தான். அப்புறம் கைப்பிடியும் போதவில்லை. மாடியிலிருந்து இறங்குவதே நின்றுபோனது. அவன் கம்பெனி அவனை விடவில்லை. புது மெக்கானிக்குகள் மோட்டார் அறையிலிருந்து வீடியோவில் கூப்பிடுவார்கள். இவன் எங்கள் கூடத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "போனைக் கிட்டக் கொண்டு போ. சத்தத்தைக் கேட்கணும். ம், பிரேக் லைனிங் தேஞ்சிருக்கு" என்பான்.

அவன் நல்லபடியாகத் தாங்கியதால்தான் இரண்டாவது குழுவுக்கு அனுமதி கொடுத்தார்கள். அவர்களுக்கு மூன்று மடங்கு அளவு. மருந்துக் கம்பெனியும் இழுத்து மூடவில்லை. அந்தக் குழுவில் ஒரு கணக்கு டீச்சர் இருந்தார். இதே நோய், ஏறக்குறைய இதே நிலை. நோயாளிகள் சேர்ந்து வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில் ஒருநாள் அவர் ஒரு வீடியோ போட்டார். தரையில் உட்கார்ந்திருக்கிறார். எழுகிறார். கையை எங்கும் ஊன்றவில்லை. அவ்வளவுதான் வீடியோ.

பட்டன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். அவனுக்குத் துளி பொறாமை இல்லை. "மருந்து பேசுது மச்சான்! அப்போ எனக்கும் இன்னொரு டோஸ் போட்டா முடிஞ்சது" என்றான். ஒருமுறைதான் போட முடியும் என்று அவனுக்கும் சொல்லியிருந்தார்கள். ஆனால் அக்கா உள்ளே இருக்கும்போது ஒரு வழி பிறக்காமல் போகுமா என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை.

அவளும் அலைந்து ஒரு வழி கண்டுபிடித்தாள். வைரஸை அடையாளம் காட்டிக் கொடுக்கும் பொருள்கள் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அவற்றை இயந்திரத்தில் வடிகட்டி எடுத்துவிட்டால், வாட்ச்மேன் மறந்த நேரம் பார்த்து இன்னொரு முறை உள்ளே அனுப்பலாமா என்று சோதிக்கும் ஒரு புது முயற்சி. அதில் அவனைச் சேர்த்தாள். ரத்தம் வெளியே வந்து, வடிகட்டி, திரும்ப உள்ளே போனது. பல தடவை. ஒவ்வொரு முறையும் நானும் பக்கத்து வீட்டுக்காரரும் அவனை நாற்காலியோடு தூக்கி இறக்கி ஏற்றினோம். "ஓவர்லோடு மச்சான், ஒரு ஆள் இறங்குங்க" என்று நடுப் படியில் ஜோக் அடிப்பான். எனக்குச் சிரிப்பு வரும், இடுப்பும் பிடித்துக்கொள்ளும்.

கடைசி முடிவு ஒரு திங்கட்கிழமை வந்தது. டாக்டர் என் மனைவியைத்தான் கூப்பிட்டார். நான் வகுப்பு முடித்து வீடு திரும்பும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். கைப்பை மடியில் இருந்தது.

"வடிகட்டினதும் அந்தப் பொருளெல்லாம் குறைஞ்சுது. குறைஞ்சதும் உடம்பு மறுபடி செஞ்சு ரொப்பிடுச்சு. முன்னைவிட ஜாஸ்தி. இனிமே யாரும் அவனுக்குப் போட மாட்டாங்க" என்றாள்.

நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"எப்படிங்க சொல்வேன்?"

"நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம். நான்தான் சேர்த்துவிட்டேன், நான்தான் சொல்லணும்."

சொல்லவில்லை. செவ்வாய் சொல்கிறேன் என்றாள், புதன் என்றாள். ஒவ்வொரு நாளும் அவன் முன்னால் போய் நின்று, மென்று விழுங்கிவிட்டு, "சாப்டியாடா?" என்று கேட்டுவிட்டு வந்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. டிரைவிங் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் இப்படித்தான், முட்டப் போகிறது என்று தெரிந்தும் காலை எடுத்து பிரேக்கில் வைக்க மாட்டார்கள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் திட்டவும் வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை இன்னொரு காரணம் கிடைத்தது. அந்தக் கணக்கு டீச்சர் ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்க வருகிறாராம். "அவன் ரொம்ப ஆசையா இருக்கான். அது முடியட்டும்" என்றாள்.

ஞாயிறு காலையில் பட்டன் குளித்து, சட்டை மாற்றி, வாசலைப் பார்த்தபடி நாற்காலியைப் போட்டுக்கொண்டான். கதவைத் திறந்தே வைக்கச் சொன்னான். கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம். அவன் விரலை உதட்டில் வைத்து என்னைப் பேசாதே என்று சைகை செய்தான். மோட்டார் சத்தத்தைக் கேட்கிற அதே முகம்.

"முதல் மாடி திரும்பியாச்சு. நிக்கல மச்சான். நிக்கவே இல்ல!"

டீச்சர் பழப் பையோடு உள்ளே வந்தார். நாற்பதை ஒட்டிய வயது, ஒல்லியான உடம்பு, லேசாக மூச்சு வாங்கியது. நல்ல உடம்புக்காரர்களுக்கே எங்கள் வீட்டுக்கு வந்தால் அதைவிட அதிகமாக வாங்கும். அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களைப் பார்க்கணும்னு எவ்வளவு நாளா நினைச்சிட்டிருக்கேன் தெரியுமா? நீங்க தைரியமா முதல்ல போகலன்னா எனக்கு இந்த மருந்தே வந்திருக்காது."

"தைரியமா? எங்க அக்கா பிடிச்சுத் தள்ளிவிட்டா டீச்சர். நான் பாட்டுக்குப் படுத்துக் கிடந்தேன், ஏத்தினாங்க."

"அப்படிச் சொல்லாதீங்க. என் பொண்ணு தினமும் உங்களுக்காகக் கும்பிடுறா." உட்கார்ந்தார், உடனே எழுந்து பழப் பையை மேஜையில் வைத்தார், மறுபடி உட்கார்ந்தார். கையை எங்கும் ஊன்றவில்லை. மூன்று பேரும் அதைத்தான் பார்த்தோம். பிறகு அவர் சாதாரணமாகக் கேட்டார்: "உங்களுக்கு ரெண்டாவது டோஸ் எப்போ?"

"இந்த வாரம் தெரிஞ்சிடும். ரத்தம் எல்லாம் கழுவிச் சுத்தமா வெச்சிருக்காங்க. ரிசல்ட்தான் பாக்கி. என்னக்கா, டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

என் மனைவி டீ எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். தட்டை மேஜையில் வைத்துவிட்டு அவன் எதிரே வந்து நின்றாள்.

"ரிசல்ட் வந்துடுச்சுடா. போன திங்கட்கிழமையே."

"சரி?"

"முடியாதாம்."

"இப்போ முடியாதா? கொஞ்ச நாள் கழிச்சா?"

"இல்லடா. எப்பவும்."

நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தான். "வேற வண்டியில ஏத்தி அனுப்ப முடியாதா? வேற வைரஸ்?"

"தேடிட்டு இருக்காங்க. அது வர்றதுக்கு இன்னும் பல வருஷம் ஆகும்." தம்பியின் முகத்தைப் பார்த்துப் பேசினாள், அந்த மட்டில் பாராட்ட வேண்டும். "அதுவரைக்கும் மருந்து போய்ச் சேர்றதுக்கு உன்கிட்ட சதை மிஞ்சாதுடா."

டீச்சர் முகத்தைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, எனக்குத் தெரியாதே... நான் போய் வாயைத் திறந்து..." என்று எழுந்தார். பாவம், அவர் என்ன செய்வார்? நன்றி சொல்ல வந்த இடத்தில் இப்படி ஆகிவிட்டது. "நான் கிளம்புறேன். மன்னிச்சுடுங்க" என்று வாசலுக்குப் போனார்.

"டீச்சர், ஒரு நிமிஷம்" என்றான் பட்டன்.

நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டி, படிக்கட்டின் தலைமாட்டில் போய் நின்றான். ஓடிப்போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாதீங்க மச்சான், விழ மாட்டேன். டீச்சர், திருப்பம் வரைக்கும் இறங்கிட்டு ஏறி வர்றீங்களா? நான் பார்க்கணும்."

டீச்சர் என் மனைவியைப் பார்த்தார். அவள் தலையை அசைத்தாள். டீச்சர் இறங்கினார். திருப்பத்தில் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏறினார். கைப்பிடி பக்கத்திலேயே இருந்தது, தொடவில்லை. ஒரு கால், மறு கால், ஒரு கால், மறு கால். பட்டன் முன்னால் குனிந்து அவருடைய முழங்காலையும் இடுப்பையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். மேலே வந்ததும் இன்னொரு தடவை கேட்டான். இன்னொரு தடவையும் ஏறினார்.

"இடுப்பு ஆடவே இல்ல" என்றான். பிறகு அக்கா பக்கம் திரும்பினான். "இவங்களுக்குப் போட்டது யாரு செஞ்சது? நீதானே?"

யாருக்கு எது போகிறது என்று வேலையிடத்தில் அவளுக்குச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தக் குழுவுக்குப் போன மருந்து மொத்தமும் அவள் கவனித்த ஒரே தொட்டியில் வந்தது. தெரியாது என்று அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

"ஆமாடா. நான் செஞ்சதுதான்."

"அருமையா வேலை செய்யுதுக்கா."

குத்திக்காட்டவில்லை அவன். வேறு ஒரு மெக்கானிக் சரிசெய்த லிஃப்டில் ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்வானே, அந்தக் குரல். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவன் காலடியில் அப்படியே மேல்படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் வந்தது. டீச்சர் அவள் தோளைத் தொடப் போய்விட்டு, கையை இழுத்துக்கொண்டார்.

"உன்னைப் பின்னாடி நிக்க வெச்சிருக்கணும்டா. டாக்டர் அவசரம் இல்லன்னுதான் சொன்னாரு. இவரும் சொன்னாரு. நான்தான் கேட்கல. உன்னைப் பின்னாடி நிக்க வெச்சிருக்கணும்."

நான் அவனைப் பார்த்தேன். அதெல்லாம் விடுக்கா, உன் தப்பா என்ன என்று எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவான், எப்போதும் அவன்தானே எங்களைத் தூக்கி நிறுத்துகிறவன் என்று காத்திருந்தேன். அவளும் காத்திருந்தாள்.

அவன் பார்வை படிகளில் இருந்தது.

"ஆமாக்கா," என்றான். "வெச்சிருக்கணும்."